சாமந்தியின் மேல் போட்ட பழி

என் மனைவியின் மூச்சிரைப்புக்குச் சாமந்திப்பூதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் மகரந்தம் பார்த்தேன், அதுவும் சாமந்திக் குடும்பத்துச் செடிகளின் மகரந்தம். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் சொன்ன வார்த்தை அது. தவறான வார்த்தை. தவறு என்று தெரிந்த பிறகும் சில வருஷங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை வருத்துவது அந்தச் சில வருஷங்கள்தான்.

சாமந்திக் குடும்பம் பெரிய குடும்பம். சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி, தலைக்கு எண்ணெய் காய்ச்சும் கரிசலாங்கண்ணி, ரோட்டோரத்து வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் அதில் சேர்த்தி. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சின்னப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். அதன் மகரந்தத்தைச் சாதாரண லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும்: முள் முளைத்த சின்னப் பந்து. பெரும்பாலான மாணவர்கள் அதோடு சலித்துப் போவார்கள். லென்ஸை மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கினால்தான் ஆட்டம் தொடங்கும். ஒன்றின் முள் ஊசி மாதிரி நீளம். இன்னொன்றின் முள் அடி பருத்து நுனி மட்டும் கூர்மை. நெய்ச்சட்டிக் கீரையின் மகரந்தத்தில் முள்ளுக்குப் பதில் வரப்பு வரப்பாகச் சுவர்கள், நடுவே தேனடை போலப் பள்ளங்கள். குருசுக்குப்பம் மணலில் படரும் ஒரு மஞ்சள் பூச்செடிக்கு அந்த வரப்புகளின் மேலேயே முள் வரிசை இருக்கும். வலை உலர்த்துகிறவர்கள் மிதித்துப் போகும் செடி அது. அதன் மகரந்தத்தை முதல் முறை சரியான வெளிச்சத்தில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு வேலைப்பாடு எதற்கு என்று யாரிடம் கேட்பது?

மாணவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். சின்ன லென்ஸில் பார்த்துப் பெயர் சொல்லாதே. அள, முள்ளைப் பார், பக்கத்தில் தெரிந்த மகரந்தத்தை வைத்து ஒப்பிடு, அப்புறம் வாயைத் திற. ஒரு பையன் அவசரப்பட்டுப் பெயர் சொன்னதற்காக அவனை அன்றைக்கு ஆய்வகத்திலிருந்தே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மகரந்தம் எடுத்த செடி எது என்பதற்குச் சாட்சியாக அந்தச் செடியையும் பதப்படுத்தி வைக்க வேண்டும். பறித்து வந்த செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து, மேலும் கீழும் பலகை வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுவோம். தாள் ஈரம் இழுக்கும். அதனால் தினமும் தாளை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கல்லூரியில் இடம் இல்லையென்று கட்டுகளை முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே அடுக்கினேன். மேலே மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றும். தாள் மாற்றுகிற வேலையை என் மனைவி செய்தாள். நான் கேட்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். காலையில் சமையலை முடித்து, ஒவ்வொரு செடியையும் பூ உதிராமல் தூக்கிப் புதுத் தாளில் கிடத்துவாள். ஈரத் தாள்களை மாடிக்குக் கொண்டுபோய் உதறிக் காயப் போடுவாள். உதறும்போது மஞ்சள் தூள் பறக்கும்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். தாய் சீக்கிரம் இறந்துவிட்டதால் என் மனைவியை வளர்த்தது அந்த அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் தைத்து, தங்கையைப் படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தாள். வாய் கொஞ்சம் அதிகம். "உன் வூட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தப்போகூட உன்னப் பாக்கல, தலையில இருந்த பூவத்தான் பாத்தாரு" என்று என் எதிரிலேயே சொல்லுவாள். உடம்பு முடியாமல் படுத்திருந்த கடைசி நாட்களில் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மத்த நாள்ல வராட்டியும் போ. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் என்னத் தனியா உட்றாதடி. எல்லாக் கல்லறைக்கும் ஆளு நிக்கும். சாமியார் மந்திரிச்சிக்கிட்டு வர்றப்போ எங்கிட்ட மட்டும் யாரும் இல்லன்னா அசிங்கமா இருக்கும்."

"செத்தப்புறமும் உனக்கு அசிங்கமா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள் என் மனைவி.

நவம்பர் மாதம் இரண்டாம் தேதி எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அக்கா கேட்டது புரியும். முந்தின வாரமே வெள்ளையடித்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தங்கள் கல்லறைக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை நிற்பார்கள். எங்கு பார்த்தாலும் சாமந்தி. யாரும் வராத கல்லறை அன்று தனியாகத் தெரியும்.

அக்கா போன பிறகு வந்த முதல் திருநாளுக்கு என் மனைவி மூங்கில் குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி, அதன் மேல் வாழைநாரால் மஞ்சள் சாமந்தியை நெருக்கமாக வைத்துக் கட்டினாள். அக்காவுக்குச் சாமந்தி என்றால் உயிர். சிலுவையை வைத்து, நின்று, மந்திரிப்பு முடிந்து திரும்பியவளுக்கு அன்றைக்கே இரைப்பு வந்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கேட்டார்: "வீட்டுல தூசி, பூனை, பூ, ஏதாவது?"

"பூதான் இவருக்கு உத்தியோகமே" என்றாள் இரைப்புக்கு நடுவில்.

"அப்ப நான் எதுக்கு? சாரே கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்" என்று டாக்டர் சிரித்தார்.

கண்டுபிடித்தேன். வாஸ்லின் களிம்பு தடவிய ஒரு கண்ணாடி ஸ்லைடை முன்னறை அலமாரியின் மேல் ஒரு பகல் வைத்தேன். காற்றில் வருவது அதில் ஒட்டும். பிறகு சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஓரத்தை மகளின் நகப்பூச்சால் அடைத்தேன். எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான். மூலையில் 'வீடு' என்று எழுதினேன். சின்ன லென்ஸில் வைத்தேன். முள் பந்துகள் தெரிந்தன. நிமிர்ந்து, "சாமந்திதான்" என்றேன்.

லென்ஸை மாற்றவில்லை. அளக்கவில்லை. ஒப்பிடவில்லை. முந்தின வாரம்தான் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டிய காலி மனைகளில், மழைக்குப் பிறகு இடுப்பளவு வளர்ந்திருந்த பார்த்தீனியச் செடிகளை மூட்டையாக அறுத்து வந்து கட்டு போட்டிருந்தேன். அதுவும் சாமந்திக் குடும்பம். அதன் மகரந்தம் காற்றில் பறப்பது. ஆளுக்கு ஆகாது என்பது ஊரறிந்தது. சாமந்தியின் மகரந்தமோ பிசுபிசுப்பானது, வண்டு வந்து எடுத்துப் போவது, அவ்வளவு சுலபத்தில் பறக்காது. வருஷா வருஷம் வகுப்பில் இதைத்தான் சொன்னேன். அந்த ஸ்லைடு இருந்த அலமாரிக்குக் கீழேதான் பார்த்தீனியக் கட்டுகள் இருந்தன. ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்ற விடவில்லை என்பதுதான் சரி. கட்டுகள் என் வேலை. சாமந்தி அவளுடையது.

"நிச்சயமா?" என்று கேட்டாள்.

"என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப அடுத்த வருஷம்? அன்னிக்கி தோட்டமே சாமந்தியாத்தான இருக்கும்?"

"நீ போகாத. நான் போறேன். ரோஜா வெச்சிட்டு வர்றேன்."

"அக்கா எங்கிட்டதான கேட்டா..."

"மூச்சு நின்னுட்டா எங்க நிப்ப?" என்றேன்.

அதன் பிறகு என் மனைவி தலையில் சாமந்தி வைக்கவில்லை. மாடித் தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டம்மா பல வருஷம் பிரான்சில் இருந்தவர். தொட்டிகளை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னா சார், அங்க சாமந்திய செத்தவங்களுக்கு மட்டுந்தான் வெப்பாங்க. எங்க வூட்டுக்காரரு அது தெரியாம அவரு மேலதிகாரி கமாந்தான் பொண்டாட்டிக்கு ஆசையா ஒரு தொட்டி குடுத்துட்டாரு. அந்தம்மா மூஞ்சியப் பாக்கணுமே! நீங்க என்னடான்னா செத்தவங்களுக்கே கூடாதுங்கறீங்க."

எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள்.

வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி நான் ரோஜா எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லறை அருகில் நின்றேன். என் மனைவி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செபமாலை சொல்லுவாள். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பாள். வெள்ளை நல்லா அடிச்சிருந்தாங்களா? சாமியாரு நின்னு மந்திரிச்சாரா, போற போக்குல தெளிச்சிட்டுப் போயிட்டாரா? பக்கத்துக் கல்லறைக்காரங்க என்னப் பத்திக் கேட்டாங்களா? கேட்டார்கள். "அவுங்களுக்குச் சாமந்தி ஒத்துக்காது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இடையிடையே இரைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. வரும்போதெல்லாம் தெருவில் எந்த வீட்டில் சாமந்தி இருக்கிறது என்று தேடினேன். நான் ஓய்வு பெற்றபோது கட்டுகள், தாள்கள், பலகைகள் எல்லாம் ஒரு வண்டியில் ஏறிக் கல்லூரிக்குப் போயின. அடுத்த மழைக்கு அவளுக்கு இரைப்பு வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. "பாத்தியா, சாமந்திய விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றேன். எழுதுவதற்கே கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில், கல்லூரியில் எனக்குப் பின் வந்தவர்கள் ஆன்லைன் வகுப்புக்காக மகரந்தப் படங்கள் கேட்டார்கள். ஓய்வுப் பணத்தில் வாங்கிய மைக்ராஸ்கோப் வீட்டில் இருந்தது. பழைய ஸ்லைடுப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். 'வீடு' என்று எழுதியதும் அதில் இருந்தது. நகப்பூச்சு கெட்டியாக நின்றிருந்ததால் உள்ளே காயவில்லை. பொழுது போகாத கை. எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸில் வைத்தேன்.

சாமந்தி மகரந்தத்தைவிட வெகு சிறியவை. முள் குட்டையாக, கட்டை கட்டையாக இருந்தது. தனித்தனியாக இல்லாமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்குச் செய்யாததையெல்லாம் செய்தேன். அளந்தேன். பக்கத்தில் சாமந்தி ஸ்லைடை வைத்துப் பார்த்தேன், பிறகு பார்த்தீனிய ஸ்லைடை. ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தி, ஒரே ஒரு சாமந்தி மகரந்தமாவது கிடைக்காதா என்று தேடினேன். ஒன்று கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை.

சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். நான் ஸ்லைடைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. ஒரே குடும்பத்துச் செடிகளில், ஒன்று ஆகாத உடம்புக்கு மற்றொன்றும் ஆகாமல் போவதுண்டு. பார்த்தீனியத்தால் கெட்ட உடம்பு சாமந்தியையும் தாங்காமல் போகலாம். அது பொய் இல்லை. அதனால் அவள் போகாமல் இருப்பதே பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குச் சொல்லி, அவளே முடிவு செய்யட்டும் என்று மட்டும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகும் திருநாளுக்கு ரோஜாவோடு போனேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேட்டார்கள். மனப்பாடமானதையே சொன்னேன்.

ஒரு பெரிய வெள்ளிக்கு முன் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும்போது, இதையும் சொன்னேன். சாமியார் சின்ன வயசு. "வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப தப்பான இடத்துக்கு முதல்ல வந்துட்டீங்களே ஐயா" என்றார். அதற்கு அப்புறமும் மாதங்கள் ஓடின.

சென்ற அக்டோபரில் ஒரு நாள் காலை, பின்கட்டில் என் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்:

"ஏங்க, இந்த வருஷம் நான் போயிட்டு வரட்டுமா? ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன். மந்திரிக்கிற நேரம் மட்டும் நின்னுட்டு ஓடியாந்துடறேன்."

நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அடுத்த வருஷம் நானே அங்க படுத்திருந்தா மாஸ்க்கு யாரு போட்டு உடுவாங்க?" என்று சிரித்தாள்.

தனக்குச் சொந்தமான ஒன்றுக்கு அவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். பேப்பரை மடித்து வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்பது ஒன்றுதான் எனக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது. "உன் இரைப்புக்குக் காரணம் சாமந்தி இல்ல. நான் வீட்டுல அடுக்கி வெச்ச பார்த்தீனியம். அந்த ஸ்லைட நான் ஒழுங்காப் பாக்கல."

அவள் கை நிற்கவில்லை. இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"ரெட்டியார்பாளையத்துலேர்ந்து மூட்டையா கொண்டாந்தீங்களே, அதுவா?"

"ஆமா."

"நான் பேப்பர் மாத்தனனே."

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நாளும் பயந்திருந்தேன். "கொரோனா அப்ப" என்றேன்.

இப்போது கை நின்றது. எழுந்து போய்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பறமும் ரோஜா எடுத்துக்கிட்டுப் போனீங்க."

"போனேன்."

"அங்க நின்னு என்னா வேண்டிக்கிட்டீங்க?"

மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று, "ஒரே குடும்பம், அதனால சாமந்தியும் உனக்கு ஒத்துக்காமப் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "இப்பத் தெரியாதா? அன்னிக்கி மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

அதன் பிறகு எனக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், என்னோடு பேசவில்லை. பிரான்சில் இருக்கும் மகளிடம் போனில் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மகள் என்னிடம் பேசியபோது, "அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்பா" என்று மட்டும் சொன்னாள்.

திருநாளுக்கு முந்தின நாள் என் மனைவி மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமந்தி வாங்கி வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து மூங்கில் சிலுவை கட்டினாள். மாஸ்க் போடவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். "போங்க, மூச்சு என்னோடது. நான் பாத்துக்கறேன்" என்றாள். பல நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோவில் போனோம். சிலுவையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலிருந்து கடைசிவரை சாமந்தி வாசம். பழகிய ஆட்களெல்லாம் அவளைப் பார்த்து எழுந்தார்கள். அவள் யாரோடும் நிற்காமல் நேராக அக்காவிடம் போனாள். சிலுவையைச் சாய்த்து வைத்து, கல்லில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"வந்துட்டன்க்கா. இத்தினி வருஷம் ஏன் வரலன்னு என்னக் கேக்காத. தோ, நிக்கறாரு. அவரையே கேளு."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் எட்டு முன்னால் போய் நின்றேன். பிறகு சொன்னேன். சாமந்தி இல்லை, நான் கொண்டுவந்த செடி, நான் சரியாகப் பார்க்கவில்லை, தெரிந்த பிறகும் சொல்லவில்லை, உங்கள் தங்கையை நான்தான் வர விடவில்லை. கல்லைப் பார்த்துத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மெழுகுவத்தியைச் சரிசெய்வது போல இருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பொய்யாக ஒரு பதில் சொன்னேனே, அது இவர்களிடம்தான்.

சாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார், செபம் சொன்னார். என் மனைவி நிமிர்ந்து நின்றாள். அவர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்ததும் என்னிடம் சொன்னாள்:

"அவ கேட்டுக்கிட்டா. நீங்க போயி வாசலாண்ட நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசணும்."

போய் வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கூட்டம்தான் தெரிந்தது, அவள் தெரியவில்லை. இருட்டியது. மெழுகுவத்திகள் மட்டும் தெரியத் தொடங்கியபோது அவளாக வந்தாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் பாதி வழியில் லேசாக இருமினாள். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒரு முறை இழுத்துக்கொண்டு, பையை மூடினாள். பூவினாலா, மெழுகுவத்திப் புகையினாலா, இத்தனை வருஷம் கழித்து அழுததாலா, எனக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.